வெள்ளைப் புலிகள்: இந்தியக் கடற்படையின் 300-ஆம் விமானப் பிரிவு

இந்தியக் கடற்படையின் முதல் போர் விமானப் பிரிவான ஐ.என்.ஏ.எஸ். 300, 1960 ஜூலையில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள பிராடி கடற்படை விமானத் தளத்தில் தொடங்கப்பட்டது. பாயும் வெள்ளைப் புலியைச் சின்னமாகக் கொண்டதால் ‘வெள்ளைப் புலிகள்’ என்ற பெயரால் அது அறியப்படுகிறது. சீ ஹாக், சீ ஹாரியர், மிக்-29கே என்ற மூன்று வகை விமானங்களை அது இதுவரை பறக்கவிட்டிருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல்களும் இடையிடையே மாறின. கப்பலின் மேல்தளத்திலிருந்து எப்படி எழுவது, எப்படித் திரும்பி இறங்குவது என்ற முறை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அடியோடு மாறியது. இந்தப் பிரிவின் வரலாறு பெரும்பாலும் அந்த மாற்றங்களின் வரலாறுதான்.

பிரிவு உருவானபோது அதற்குரிய கப்பல் இன்னும் முழுமையடையவில்லை. ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக 1943-இல் கட்டத் தொடங்கி 1945 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. உலகப்போர் முடிந்துவிட்டதால் பணி பாதியில் நின்றது. பத்தாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்த அந்த உடலை 1957-இல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் கோணத் தளம், நீராவி விசையால் விமானத்தை உந்தி எறியும் கவண்பொறி, இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடி அமைப்பு ஆகியவை அதில் சேர்க்கப்பட்டன. மூன்றுமே அப்போது புதியவை. மூன்றையும் ஜெட் விமானங்களுக்காகப் பிரிட்டிஷ் கடற்படையினரே உருவாக்கியிருந்தனர். 1961 மார்ச் 4 அன்று அங்கேயே விஜயலட்சுமி பண்டிட் அக்கப்பலை ‘விக்ராந்த்’ என்ற பெயருடன் கடற்படைச் சேவையில் சேர்த்தார். அதே ஆண்டு மே 18 அன்று லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி அதன் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கினார். பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியானார். நவம்பர் 3 அன்று பம்பாய் வந்துசேர்ந்த கப்பலைப் பிரதமர் நேரு வரவேற்றார்.

கரையில் இந்த விமானங்களுக்கு முதலில் இடம் தந்தது கோயம்புத்தூரை அடுத்த சூலூர். கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா விமானத் தளம் 1961 செப்டம்பரில் அங்கேதான் தொடங்கப்பட்டது. கடலே கண்ணில் படாத கொங்கு நாட்டில் கடற்படையின் ஜெட் தளம் இருந்தது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் விமானந்தாங்கியின் விமானங்கள் தம் காலத்தின் பெரும்பகுதியைக் கரையிலேதான் கழிக்கின்றன. பயிற்சியும் பழுதுபார்ப்பும் அங்கேதான் நடக்கின்றன. கோவா இந்தியாவுடன் இணைந்தபின், 1964-இல் தளம் அங்குள்ள டாபோலிமுக்கு மாறியது. அன்றுமுதல் வெள்ளைப் புலிகளின் கரைவீடு டாபோலிம்தான்.

சீ ஹாக் ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை கொண்ட விமானம். ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினும் மூக்கில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளும் உடையது. வேகம் மணிக்கு 960 கிலோமீட்டர் அளவு, அதாவது ஒலியின் வேகத்துக்குக் கீழே. இறக்கைகளின் அடியில் குண்டுகளும் ராக்கெட்டுகளும் பொருத்தலாம். இந்தியா இதை வாங்கிய வேளையில் பிரிட்டிஷ் கடற்படை தன் முன்னணிப் பிரிவுகளிலிருந்து இதை விலக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு வந்தவற்றில் சில புதிதாகக் கட்டப்பட்டவை. மற்றவை பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திப் புதுப்பித்துத் தந்தவை. பின்னர் மேற்கு ஜெர்மனிக் கடற்படை கைவிட்டவையும் வந்துசேர்ந்தன. தயாரித்த நாடு விட்டுவிட்ட விமானத்தைப் பேணிப் பறக்கவிடும் நிலை இப்படித் தொடக்கத்திலேயே ஏற்பட்டது. பின்னாளிலும் அது தொடர்ந்தது.

விக்ராந்தில் இந்த விமானம் பறந்த முறையைச் சற்று விளக்குவது தேவை. எழும்போது கவண்பொறி அதை இழுத்துச் சில நொடிகளில் பறக்கும் வேகத்துக்குக் கொண்டுவரும். இறங்கும்போது அதன் வால்பகுதியில் தொங்கும் கொக்கி, தளத்துக்குக் குறுக்கே கட்டிய எஃகு வடங்களில் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றவில்லையென்றால் விமானி எஞ்சினை முழுவிசையில் வைத்து மீண்டும் எழும்பிச் சுற்றிவர வேண்டும். கோணத் தளம் அதற்குத்தான் வழிவிடுகிறது. இரண்டு வேலைகளுக்கும் கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடியாக வேண்டும். எதிர்க்காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்தால்தான் விமானத்தின் இறக்கைக்குத் தேவையான காற்றோட்டம் கிடைக்கும். கப்பலின் கொதிகலன் பழுதானால் விமானமும் முடங்கிவிடும் என்பது இதிலிருந்து புரியும். 1971-இல் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

அதற்கு முந்தைய பத்தாண்டில் பிரிவுக்குச் சொல்லத்தக்க போர் வாய்ப்பு அமையவில்லை. 1961 டிசம்பரில் கோவா நடவடிக்கையின்போது விக்ராந்த் அப்பகுதிக் கடலில் காவல் நின்றது. 1965 போரின்போது கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. அதை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் செய்தி பரவியது. துறைமுகத்தில் நின்ற கப்பலே அதற்கு மறுப்பாக இருந்தது. ஆனாலும் பெருஞ்செலவில் வாங்கிய விமானந்தாங்கி போர்க்காலத்தில் பயன்படவில்லையே என்ற குறை கடற்படைக்குள் ஆழமாக ஊன்றிவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட துணிவான முடிவுக்குப் பின்னால் அந்த மனக்குறைக்கும் பங்குண்டு.

1971-இல், கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) தொடர்பாகப் பாகிஸ்தானுடன் போர் நெருங்கியபோது, விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. அதை இந்தியாவில் மாற்ற வழியில்லை. மற்ற மூன்றைக் கொண்டு ஓட்டினால் வேகம் 16 நாட் அளவைத் தாண்டாது. காற்றில்லாத நாளில் அந்த வேகத்தில் விமானங்களை ஏவுவதும் இறக்குவதும் எல்லையைத் தொடும் செயல். கப்பலைப் பம்பாயிலேயே நிறுத்திவிடலாம் என்ற கருத்தும் எழாமல் இல்லை. கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா அதைக் கிழக்குக் கடலுக்கு அனுப்ப முடிவு செய்தார். மேற்கே கராச்சியை மையமாகக் கொண்ட பாகிஸ்தான் கடற்படையும் விமானப்படையும் வலுவாக இருந்தன. வங்கக் கடலில் அத்தகைய எதிர்ப்பு குறைவு. நொண்டும் கப்பலுக்கும் அங்கே வேலை இருந்தது. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது.

கப்பலின் கட்டளை அதிகாரி கேப்டன் ஸ்வராஜ் பர்காஷ். சீ ஹாக் பிரிவுக்குத் தலைமை லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா. கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் பொறுப்பில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். விக்ராந்தைக் காப்பதே கிருஷ்ணனின் முதல் கவலை. அதை வேட்டையாடுவதற்காக ‘காஜி’ என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி நவம்பர் நடுவில் கராச்சியிலிருந்து புறப்பட்டிருந்தது. சென்னை, விசாகப்பட்டினம் பக்கமே விக்ராந்த் இருப்பதுபோன்ற தோற்றத்தைக் கிருஷ்ணன் உண்டாக்கினார். ‘ராஜ்புத்’ என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தைப்போலக் காட்டிக்கொண்டு வானொலிச் செய்திகளை அனுப்பியது. உண்மையான விக்ராந்தோ அந்தமான் தீவுகளின் ஒதுக்கமான துறையொன்றில் காத்திருந்தது. டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. ராஜ்புத் வீசிய நீரடிக் குண்டுகளால் அது மூழ்கியதாக இந்தியா சொல்கிறது. கண்ணிவெடியோ உள்ளே நேர்ந்த வெடிப்போ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. எது உண்மையாயினும் விக்ராந்தைத் தேடிவந்த ஆபத்து அன்றிரவோடு நீங்கியது.

டிசம்பர் 4 காலையில் எட்டு சீ ஹாக் விமானங்கள் விக்ராந்திலிருந்து எழுந்து காக்ஸ் பஜார் விமானத் தளத்தைத் தாக்கின. பிற்பகலில் சிட்டகாங் துறைமுகமும் விமானத் தளமும் தாக்கப்பட்டன. இந்தியக் கடற்படையின் ஜெட் விமானங்கள் கப்பலிலிருந்து எழுந்து போரிட்டது அதுவே முதன்முறை. தொடர்ந்து குல்னா, மோங்லா முதலிய ஆற்றுத் துறைமுகங்களும் கடலில் தப்பிச்செல்ல முயன்ற கப்பல்களும் இலக்குகளாயின. விக்ராந்திலிருந்த மற்றொரு பிரிவான 310-இன் அலிஸே விமானங்களும் இதில் பங்கேற்றன. சுழல்விசிறி கொண்ட அந்த விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக வாங்கப்பட்டவை. இங்கே இரவுத் தாக்குதலுக்கும் பயன்பட்டன.

இந்த நடவடிக்கையின் பயனைச் சரியாக மதிப்பிட வேண்டும். டாக்காவின் வீழ்ச்சியைத் தீர்மானித்தது தரைப்படையின் முன்னேற்றமும் விமானப்படையின் தாக்குதலும்தான். டாக்காவை மையமாகக் கொண்ட பாகிஸ்தானின் சேபர் விமானங்கள், ஓடுபாதை சிதைக்கப்பட்டதால் சில நாட்களிலேயே முடங்கின. அவற்றை வானில் எதிர்கொள்ளும் சோதனை சீ ஹாக்குகளுக்கு நேரவில்லை. ஏவுகணை இல்லாத, ஒலியினும் மெதுவான விமானத்துக்கு அது கடும் சோதனையாகவே இருந்திருக்கும். ஆனால் கடல்வழியைப் பூட்டும் வேலையைக் கிழக்குக் கப்பற்படையும் அதன் நடுநாயகமான விக்ராந்தும் செய்து முடித்தன. கிழக்கில் இருந்த பாகிஸ்தான் படைக்கு வலுவூட்டல் வரவும் அது தப்பிப்போகவும் வழியில்லாமல் போனது. தரையிலிருந்து சுட்ட பீரங்கிகளால் சில விமானங்கள் அடிபட்டாலும் ஒரு சீ ஹாக்கைக்கூடப் பிரிவு இழக்கவில்லை. மெதுவாக ஓடும் கப்பலில், குறைந்த எதிர்க்காற்றில், பல நாட்கள் இடைவிடாமல் ஏவியும் இறக்கியும் ஒன்றையும் இழக்காதது விமானிகளின் திறமைக்கு மட்டுமல்ல, தளத்தில் வடமும் கவண்பொறியும் இயக்கியவர்களின் திறமைக்கும் சான்று. போர் வரலாறுகளில் அவர்கள் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். குப்தாவுக்கும் பர்காஷுக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பிரிவின் விமானிகள் பலர் வீர் சக்கரம் பெற்றனர்.

போர் முடிந்ததுமே சீ ஹாக்குக்கு அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது. உலகின் புதிய கடற்படை ஜெட்டுகள் விக்ராந்தின் தளத்துக்கு மிகப் பெரியவையாகவும் கனமானவையாகவும் வளர்ந்துவிட்டன. சுமார் 213 மீட்டர் நீளமே உள்ள அந்தக் கப்பலுக்குப் பொருந்தக்கூடியது, எஞ்சினின் உந்துவிசையைக் கீழ்நோக்கித் திருப்பிச் செங்குத்தாக இறங்கவல்ல ஹாரியர் மட்டுமே. 1972 ஜூலையிலேயே பிரிட்டிஷ் சோதனை விமானி ஜான் ஃபார்லி ஒரு ஹாரியரை விக்ராந்தில் இறக்கிக் காட்டினார். ஆயினும் முடிவெடுக்க ஏழாண்டுகள் ஆயின. அதன் கடற்படை வடிவமான சீ ஹாரியரில் ஆறும், இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் இரண்டும் 1979-இல் முதல்முறையாக வாங்க ஒப்பந்தமாயின. ஃபாக்லாந்துப் போர் அந்த விமானத்துக்குப் புகழ் சேர்ப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இந்தியா அதைத் தேர்ந்தெடுத்திருந்தது.

1983 டிசம்பரில் முதல் மூன்று விமானங்கள் டாபோலிம் வந்தன. அதே மாதம் பிரிவின் தலைவரான அருண் பிரகாஷ் விக்ராந்தின் தளத்தில் சீ ஹாரியரை இறக்கினார். 1971-இல் விமானப்படையுடன் இணைந்து ஹண்டர் விமானம் ஓட்டி வீர் சக்கரம் பெற்றவர் அவர். 2004 முதல் 2006 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாகவும் இருந்தார். சீ ஹாரியர் வந்த 1983-ஆம் ஆண்டிலேயே சீ ஹாக் சேவையிலிருந்து விலகியது.

புதிய விமானத்துக்குக் கவண்பொறியும் தேவையில்லை, எஃகு வடமும் தேவையில்லை. தளத்தின் முன்முனையை மேல்நோக்கி வளைத்து அமைத்தால் போதும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டக் டெய்லர் கண்ட எளிய உத்தி அது. ஓடிவரும் விமானம் அந்த ஏற்றத்தால் மேல்நோக்கி எறியப்படுகிறது. இறக்கை முழு வலுப்பெறும்வரை எஞ்சினின் விசை பாதி தாங்குகிறது. இதனால் அதிக எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு எழ முடிந்தது. விக்ராந்தில் 9.75 பாகை ஏற்றம் கட்டப்பட்டு, பின்னர் கவண்பொறி அகற்றப்பட்டது. 1987 மே மாதம் இரண்டாவது விமானந்தாங்கியான ‘விராட்’ வந்தது. ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பலாக இருந்த ‘ஹெர்மஸ்’ அதுவே. அதன் ஏற்றம் 12 பாகை. 1997 ஜனவரியில் விக்ராந்த் ஓய்வு பெற்றபின் 2013 நவம்பர் வரை இந்தியாவின் ஒரே விமானந்தாங்கியாக விராட் இருந்தது.

சீ ஹாரியர் பிரிவுக்குப் புதிய வேலையைத் தந்தது. சீ ஹாக் தாக்குதல் விமானம் மட்டுமே. ப்ளூ ஃபாக்ஸ் ரேடாரும் பிரெஞ்சு மாத்ரா மேஜிக் ஏவுகணையும் கொண்டிருந்த சீ ஹாரியர், கப்பற்படையை நெருங்கும் எதிரி விமானங்களை வழிமறிக்கவும் வல்லது. அதற்குரிய விலையும் இருந்தது. செங்குத்தாக இறங்குகையில் விமானத்தின் முழு எடையையும் எஞ்சினே தாங்க வேண்டும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. அதில் எஞ்சினின் விசை குறையும். அரபிக்கடலின் கோடையில் அந்த வரம்பு வட அட்லாண்டிக் கடலைவிட மிகக் குறுகியது. முன்னோக்கிப் பறத்தலிலிருந்து அந்தரத்தில் நிற்பதற்கு மாறும் சில நொடிகளில் பிழைக்கு இடமே இல்லை. அதற்கேற்பப் பயிற்சிக்கென 552 என்ற தனிப் பிரிவே டாபோலிமில் இயங்கியது.

விபத்துகள் தொடர்ந்தன. பயிற்சி விமானங்கள் உட்பட இந்தியா வாங்கிய முப்பதில் பாதிக்கு மேல் போரில்லாக் காலத்திலேயே அழிந்தன. 2009 வரையிலான விபத்துகளில் ஏழு விமானிகள் உயிரிழந்தனர். பெரும்பாலானவை அன்றாடப் பயிற்சிப் பறப்புகள். 1971 போரில் ஒரு விமானத்தையும் இழக்காத பிரிவு அமைதிக்காலத்தில் இத்தனையை இழந்தது என்பது அதன் வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. இதற்கு விமானத்தின் கடினமான இயல்பு ஒரு காரணம். சிறிய எண்ணிக்கையில் வாங்கிய விமானங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது மற்றொன்று. பிரிட்டிஷ் கடற்படை 2006-இல் தன் சீ ஹாரியர்களை விலக்கியபின், இவ்விமானத்தைப் பறக்கவிட்டது உலகில் இந்தியா மட்டுமே. பிரிட்டன் விலக்கியவற்றில் சிலவற்றை வாங்கும் பேச்சு நடந்தது. ரேடாரும் ஏவுகணையும் நீக்கித்தான் தருவதாகச் சொன்னதால் இந்தியா வேண்டாமென்று விட்டது. எஞ்சியவற்றுக்கு இஸ்ரேலின் எல்டா ரேடாரும், கண்ணுக்கு எட்டாத தொலைவிலுள்ள விமானத்தைத் தாக்கும் டெர்பி ஏவுகணையும் பொருத்தப்பட்டன. பழைய உடலுக்குப் புதிய கண்ணும் கையும் கிடைத்தாலும் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போனது. 2016 மார்ச் 6 அன்று விராட்டிலிருந்து சீ ஹாரியர் கடைசியாகப் பறந்தது. அந்த ஆண்டு மே 11 அன்று ஹன்சா தளத்தில் நடந்த விழாவில் அது விடைபெற்றது. பிரிவின் எண்ணும் பெயரும் அதே விழாவில் மிக்-29கே விமானங்களுக்கு மாறின.

மூன்றாம் விமானத்தின் வருகையும் கப்பலையொட்டியே நிகழ்ந்தது. 2004-இல் ரஷ்யாவிடம் ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ என்ற பழைய கப்பலை வாங்க ஒப்பந்தமானபோது, அதனுடன் 16 மிக்-29கே விமானங்களும் வாங்கப்பட்டன. 2010-இல் மேலும் 29 சேர்ந்தன. ரஷ்யக் கடற்படையே ஒதுக்கிவைத்திருந்த வடிவமைப்பு அது. இந்தியாவின் கொள்முதல்தான் அதற்கு உயிர்கொடுத்தது. முதலில் அவற்றை ஏற்றது 2013-இல் உருவான 303-ஆம் பிரிவு. கோர்ஷ்கோவ் அதே ஆண்டு நவம்பரில் ‘விக்ரமாதித்யா’ ஆனது. 14.3 பாகை ஏற்றத்தில் ஓடி எழும் விமானம், இறங்கும்போது கொக்கியால் எஃகு வடத்தைப் பற்றும். சீ ஹாக் காலத்துக் கொக்கி முப்பதாண்டு இடைவெளிக்குப்பின் மீண்டும் வந்தது, கவண்பொறி மட்டும் இல்லாமல். வடத்தில் இறங்கிய அனுபவமுள்ள தலைமுறை ஓய்வுபெற்றுப்போயிருந்தது. ஆகவே கப்பல் தளத்தின் அளவில் ஏற்றமும் வடமும் கொண்ட பயிற்சி ஓடுபாதை ஹன்சாவில் கட்டப்பட்டது.

முழுச்சுமையில் சீ ஹாக்கின் எடை சுமார் 7.3 டன், சீ ஹாரியருக்கு 11.9 டன், மிக்-29கேக்கு 24.5 டன். பிரிவின் வலிமை எவ்வளவு பெருகியது என்பதை இந்த எண்கள் காட்டும். ஒலியைவிட விரைவான இந்த இரட்டை எஞ்சின் விமானம் வான்போருக்கும் கப்பலெதிர்ப்புத் தாக்குதலுக்கும் ஒருங்கே பயன்படுகிறது. ஆனால் கவண்பொறி இல்லாததால் முழு எடையோடு கப்பலிலிருந்து எழ முடிவதில்லை. இன்னொரு குறையை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2016 அறிக்கை வெளிப்படுத்தியது. 2010 முதல் 40 எஞ்சின்கள் வடிவமைப்புக் குறைகளால் சேவையிலிருந்து எடுக்கப்பட்டன. பறக்கத் தயாராக இருந்த விமானங்களின் விகிதம் 16 முதல் 38 சதவீதத்துக்குள்ளேயே நின்றது. தளத்தில் இறங்கும் அதிர்ச்சியால் கருவிகள் பழுதாவதும் அதில் குறிப்பிடப்பட்டது. அதன்பின் நிலைமை மேம்பட்டதாகக் கடற்படை கூறியது. எனினும் 2019 முதல் 2022 வரை கடற்படையின் நான்கு மிக்-29கே விமானங்கள் விபத்தில் அழிந்தன.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் சேவையில் சேர்ந்த புதிய விக்ராந்த், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கி. 2023 பிப்ரவரியில் மிக்-29கே அதில் முதன்முறையாக இறங்கியது. மே மாதம் இரவிலும் இறங்கியது. இரண்டு கப்பல்களுக்கும் போதுமான போர் விமானம் இல்லாத குறையை நிரப்ப 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்குப் பிரான்சுடன் 2025 ஏப்ரலில் ஒப்பந்தமானது. அவற்றில் 22 ஒற்றை இருக்கை கொண்டவை, நான்கு பயிற்சிக்கானவை. மிக்-29கே ஓய்வுபெறும் காலத்துக்காக, இரட்டை எஞ்சின் கொண்ட உள்நாட்டுக் கப்பல்தளப் போர் விமானம் ஒன்றை உருவாக்கும் திட்டமும் நடைபெற்றுவருகிறது.